கேரி சான்செஸை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா?

பேஸ்பாலைப் பற்றித் தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள் என்று என் அறை நண்பன் கேட்கிறான். கிரிக்கெட் தெரிந்தால் போதும், இதைப் படித்துவிடலாம். கேட்சர் என்பவர் நம் விக்கெட் கீப்பர் மாதிரி. ஆனால் வேலை இன்னும் அதிகம். எந்தப் பந்தைப் போடலாம் என்று பிட்சருக்குச் சொல்வதும் பெரும்பாலும் இவர்தான். பந்தைத் தவறவிட்டால், பேஸில் நிற்கும் எதிரணி ஆள் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவார். அது பிடித்திருக்க வேண்டிய பந்து என்று ஸ்கோரர் நினைத்தால் 'பாஸ்ட் பால்' என்று கேட்சர் கணக்கில் எழுதிவிடுவார். நம் ஊரில் பை ரன் போனால் கீப்பரை முறைப்பார்களே, அதே கதைதான்.

நியூயார்க் யாங்கீஸ் அணியின் கேட்சராக இருந்த கேரி சான்செஸ் விஷயத்தில் ரசிகர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். டொமினிக்கன் குடியரசுக்காரர். 2009இல், 16 வயதில், 30 லட்சம் டாலர் கொடுத்து யாங்கீஸ் இவரை ஒப்பந்தம் செய்தது. 2016இல் பெரிய அணிக்கு வந்து வெறும் 53 ஆட்டங்களில் 20 ஹோம் ரன்! 'கிராக்கன்' என்று கடல் பூதத்தின் பெயரை வைத்துக் கொண்டாடினார்கள். அடுத்த வருடம் 33 ஹோம் ரன்.

அதே 2017இல் 16 பாஸ்ட் பால். 2018இல் 18. இரண்டு வருடமும் அமெரிக்கன் லீகில் இவர்தான் முதலிடம். 2018இல் பேட்டிங் சராசரியும் .186க்கு இறங்கியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். யாங்கீஸ் கேட்சர் என்பது சாதாரண நாற்காலி அல்ல. பில் டிக்கி, யோகி பெர்ரா, எல்ஸ்டன் ஹோவர்ட், தர்மன் மன்சன், ஹோர்ஹே பொசாடா என்று ஐந்து கேட்சர்கள் அணிந்த எண்களை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அந்த அணி எடுத்து வைத்திருக்கிறது. ரசிகர்கள் இவரை அந்த ஐந்து பேரோடுதான் ஒப்பிட்டார்கள், பாவம்.

விமர்சித்தவர்கள் அதிகம் பேசியது 2018 ஜூலை 23, டம்பா பே அணியுடன் நடந்த ஆட்டத்தைப் பற்றி. முதல் இன்னிங்ஸில் ஒரு பந்து கையை விட்டு ஓடியது. சான்செஸ் அதன் பின்னால் மெதுவாகப் போனார். இரண்டாவது பேஸில் நின்றவர் அதற்குள் ரன்னே எடுத்துவிட்டார். கடைசி இன்னிங்ஸில் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு முழு வேகத்தில் ஓடவில்லை. அவுட். ஆட்டம் 7-6 என்று போய்விட்டது. "சோம்பேறி" என்ற பட்டம் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. மறுநாள் தொடை இடுக்குத் தசைக் காயம் திரும்பிவிட்டது என்று காயம்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். சில நாள் முன்புதான் அதே காயத்திலிருந்து திரும்பி வந்திருந்தார். ஆனால் பட்டம் போகவில்லை. சராசரி ஏறினால் பழைய சராசரியை மறந்துவிடுகிறோம். 'சோம்பேறி' என்பதை அப்படி மறக்கிறோமா?

2019இல் 34 ஹோம் ரன் அடித்துக் கொஞ்சம் வாயை அடைத்தார். 2020 மோசம். 49 ஆட்டங்கள், சராசரி .147. பிட்சர் கெரிட் கோல் கைல் ஹிகாஷியோகாவையே கேட்சராக வைத்து ஆடத் தொடங்கினார். பிளே-ஆஃபில் டம்பா பேயுடனான ஐந்தாவது, வாழ்வா சாவா ஆட்டத்திலும் சான்செஸ் பெஞ்சில்தான்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன் (பி.காம். படிப்பவன் வேறென்ன பேசுவான்). மூன்று வருடம் ஆடி முடித்து ஆறு வருடம் ஆகாத வீரருக்கு, அடுத்த வருட ஒப்பந்தத்தை அணி ஒரு தேதிக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்த வருடம் அந்தத் தேதி டிசம்பர் 2. சான்செஸின் 28ஆவது பிறந்தநாளும் அன்றுதான்!

வைத்துக்கொள்ளலாம் என்றவர்கள் 2016ஐக் காட்டினார்கள். எங்கள் காஸ்டிங் புத்தகத்தில் 'சங்க் காஸ்ட்' என்று ஒன்று வரும். செலவழித்தாகிவிட்டது, திரும்ப வராது, அதனால் இன்றைய முடிவில் அதைச் சேர்க்காதே என்பார்கள். அந்த 20 ஹோம் ரன்னும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2020இல் அதற்கு யாரும் ரன் தரமாட்டார்கள்.

அனுப்பிவிடலாம் என்றவர்களின் கணக்கிலும் ஓட்டை இருந்தது. இவர் போனால் அந்த இடத்துக்கு யார்? .147ஐ ஒரு கற்பனையான நல்ல கேட்சரோடு ஒப்பிட்டார்கள். கையில் இருந்ததோ ஹிகாஷியோகா. 2021இல் அவருடைய சராசரி .181. யாங்கீஸ் சான்செஸுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. அவர் 2021இல் .204 சராசரியில் 23 ஹோம் ரன் அடித்தார். பிரமாதம் இல்லை. இருந்தாலும் அன்றைய நிலையில் வைத்துக்கொண்டது சரியென்றே எனக்குப் படுகிறது. மாற்று ஆள் கையில் இல்லாமல் இருப்பவரை அனுப்புவது கோபத்தில் எடுக்கிற முடிவு.

மாற்று ஆள் பிறகுதான் வந்தார். 2022 மார்ச்சில் சான்செஸை மினசோட்டாவுக்கு மாற்றினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் டெக்சஸிலிருந்து ஹோசே ட்ரெவினோவை வாங்கினார்கள். ஹோம் ரன் 11தான். ஆனால் ஓரத்தில் வருகிற பந்தை நடுவர் ஸ்ட்ரைக் என்று சொல்லும்படி அழகாகப் பிடிப்பவர். அந்த வருடம் லீகின் சிறந்த தடுப்பாளருக்கான பிளாட்டினம் கிளவ் அவருக்குத்தான். அனுப்பச் சொன்னவர்கள் "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்றார்கள். உண்மைதான், யாரை எடுப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை!

சான்செஸ் மினசோட்டாவில் ஒரு வருடம் ஆடினார். 2023இல் மெட்ஸ் அணியில் மூன்றே ஆட்டம். அவர்கள் விட்டதும் சான்டியேகோ பாட்ரேஸ் எடுத்துக்கொண்டது. அங்கே 19 ஹோம் ரன். அந்த அணியின் பிட்சர் பிளேக் ஸ்னெல்லின் பந்துகளைப் பிடிப்பது சுலபமில்லை. அந்த வருடம் லீகிலேயே அதிகமாக 99 வாக் கொடுத்தவர். அவருடைய பல ஆட்டங்களில் ஸ்டம்புக்குப் பின்னால், மன்னிக்கவும், பிளேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தது பந்து பிடிக்கத் தெரியாது என்று நியூயார்க் சொன்ன அதே சான்செஸ். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அந்த வருடம் நேஷனல் லீகில் ஸ்னெல்லுக்குக் கிடைத்தது.