எந்த ஊழியரின் பதிவு?

அன்புள்ள தம்பி,

சம்பளக் கணக்கு புரோகிராம் பாதியில் நின்றுவிடுகிறது என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். லாகில் இருப்பது ஒரே செய்தி: 'நன்டைப்' ஆப்ஜெக்ட்டுக்கு 'அப்பர்' என்ற அட்ரிபியூட் இல்லை. எந்த ஊழியரின் பதிவில் இடித்தது என்று அதில் இல்லை. போனில் சொன்னால் மனதில் நிற்காது, அதனால் எழுதுகிறேன்.

பைதானில் ஒரு பெயருக்குப் பின்னால் என்ன ஆப்ஜெக்ட் இருக்கிறது என்பது அந்த வரி ஓடும்போதுதான் தெரியும். ஆகவே புரோகிராமை எத்தனை தடவை படித்தாலும் விடை வராது. டிரேஸ்பேக் வரி எண்ணைச் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் அந்த வரி ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு தடவை ஓடுகிறதே! 2022-இல் வந்த பைதான் 3.11, வரிக்குள் எந்தப் பகுதியில் பிழை என்று அடியில் குறியிட்டும் காட்டுகிறது. அப்போதும் ஆள் யாரென்று தெரியாது.

எக்ஸெப்ஷனையே கேட்டுப் பார்க்கலாம். ரூபியில் 2015-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்தே, இல்லாத மெத்தடைக் கூப்பிட்டால் வரும் பிழையிடம் 'ரிசீவர்' என்று கேட்டால் அந்த ஆப்ஜெக்ட்டையே தந்துவிடும். பைதானின் அட்ரிபியூட் எரருக்கு 2021-இல், 3.10 பதிப்பில்தான் 'ஆப்ஜ்' வந்து சேர்ந்தது. கீ எரருக்கு அதுவும் கிடையாது. எந்தக் கீ இல்லை என்று சொல்லும், எந்த டிக்‌ஷனரியில் என்று சொல்லாது.

உன் விஷயத்தில் 'ஆப்ஜ்' கேட்டால், மதிப்பு எதுவும் இல்லை என்று காட்டும் நன்தான் கிடைக்கும். புரோகிராம் முழுவதற்கும் நன் ஒன்றே ஒன்றுதான், அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை. உனக்கு வேண்டியது துறைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நன்னை வைத்திருந்த ஊழியர் ஆப்ஜெக்ட். அந்த வரி ஓடும்போது இருந்த மாறிகளை வைத்திருக்கும் ஃபிரேமில் அது இருக்கிறது. எக்ஸெப்ஷனோடு வரும் டிரேஸ்பேக்கில் 'டிபி_நெக்ஸ்ட்' வழியாக ஒவ்வொரு படியாக இறங்கு. கடைசிப் படி ஏதாவது லைப்ரரிக்குள் இருந்தால் அதை விட்டுவிட்டு, நீங்கள் எழுதிய ஃபைலின் கடைசி ஃபிரேமை எடு. அதன் 'எஃப்_லோக்கல்ஸ்' உள்ளே பார். மெத்தடாக இருந்தால் 'செல்ஃப்' கிடைக்கும், லூப்பாக இருந்தால் அந்தச் சுற்றில் கையில் இருந்த ஊழியர் கிடைப்பார்.

கிடைத்ததும் பிரிண்ட் செய்தால் கிளாஸ் பெயரும் ஒரு மெமரி முகவரியும்தான் வரும். அதனால் ஊழியர் கிளாஸுக்கு ஒரு 'ரெப்ர்' மெத்தட் எழுதி, ஊழியர் எண்ணை மட்டும் காட்டச் சொல். லோக்கல்ஸ் முழுவதையும் லாகில் கொட்டிவிடாதே. அதில் சம்பளமும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும்.

தினமும் ஓடும் புரோகிராமுக்கு இவ்வளவு தோண்டத் தேவையில்லை. லூப்புக்குள் டிரை போட்டு, எக்ஸெப்டில் 'ஆட்_நோட்' மூலம் ஊழியர் எண்ணைச் சேர்த்து, வெறும் 'ரெய்ஸ்' எழுதி அதே பிழையை மேலே அனுப்பிவிடு. 'ஆட்_நோட்'டும் 3.11-இல் வந்ததுதான். டிரேஸ்பேக்கின் அடியிலேயே எண் அச்சாகும். என்னைக் கேட்டால் இதுதான் சரியான வழி. தெரிந்த இடத்திலேயே தகவலை ஒட்டிவிட்டால் பிறகு யாரும் தேட வேண்டாம்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு, பதிவில் நன் எப்போது நுழைந்தது என்றும் பார்த்துவிடு. வெடித்த இடம் வேறு, கெட்ட இடம் வேறாக இருக்கும். பெரும்பாலும் டேட்டா உள்ளே வரும் வாசலில்தான் சோதனை விட்டுப்போயிருக்கும்.

எக்ஸெப்டில் 'பாஸ்' எழுதினால் போதும் என்று உன் டீமில் ஒருவர் சொன்னதாகச் சொன்னாயே, அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே. புரோகிராம் ஓடி முடிந்துவிடும். யாரோ ஒருவருக்கு அந்த மாதம் சம்பளம் போகாது, ஏன் போகவில்லை என்று லாகிலும் இருக்காது. இதை நாளைக்கே அவரிடம் எடுத்துச் சொல்.

அன்புடன்,
அக்கா