எண்பது எழுத்துகள்

டூட்டிங் புரோட்வே நிலக்கீழ் ரயில் நிலைய வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் மனதுக்குள் ஒரு சதுரம் கீறிப் பார்ப்பேன். ஜப்பானிய மொழியின் கான்ஜி எழுத்துகளில் சதுரம் என்றால் வாய். 'நுழை' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அந்த வாயை எழுதினால் நுழைவாயில். தமிழிலும் அதே கணக்குத்தான். நான் முதலில் மறக்காமல் வைத்துக்கொண்ட சொல் அது.

62 வயதில் எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காத சிநேகிதிகள் இல்லை. மகள் ஜப்பானில், நகோயாவில் குடும்பமாக இருக்கிறாள். போன ஏப்ரலில் பேரன் முதலாம் வகுப்புக்குப் போனான். என் பிறந்தநாளுக்கு அவன் தன் கையால் எழுதி ஒரு அட்டை அனுப்பினான். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. மகள்தான் தொலைபேசியில் வாசித்துச் சொன்னாள்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் இதே வீட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து என் அப்பா தன் பேத்திக்கு எழுதிய கடிதங்களை நான்தான் வாசித்துச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. தன் பெயருக்கு வந்த கடிதத்தை இன்னொருவர் வாயால் கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவேயில்லை.

"அவனுக்கு இந்த வருஷம் எண்பது கான்ஜி, அம்மா. நீங்களும் அவனோட சேர்ந்து படியுங்கோவன்" என்றாள் மகள் பகிடியாக. நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

ஜப்பானியருக்குக் 'கனா' என்ற ஒலியெழுத்துகளும் உண்டு. அவை எனக்குக் கஷ்டம் தரவில்லை. அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந. பௌத்த துறவிகள் வழியாகப் போன சித்தம் எழுத்தின் வரிசை அது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ சொன்னதும், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து உழைத்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கோ இல்லையோ, அரிச்சுவடியின் வரிசை எனக்குக் கைகொடுத்தது.

கான்ஜிதான் கவிழ்த்துவிட்டது. அன்றாட வாசிப்புக்கென்று ஜப்பானிய அரசு 2010இல் வகுத்த பட்டியலில் 2136 எழுத்துகள். ஆரம்பப் பள்ளி முடியமுன் பிள்ளைகள் 1026ஐப் படிக்கவேண்டும். எனக்கோ எண்பதே போதும். ஒரு நாளைக்கு இருபது என்று வைத்து, ஒவ்வொன்றையும் ஐம்பது தரம் கொப்பியில் எழுதினேன். நாலே நாளில் எண்பதும் முடிந்தது. அடுத்த ஞாயிறு பேரன் கேட்டபோது நாலைந்துதான் ஞாபகம் வந்தது. அவன் சிரித்தான். நானும் சிரித்தேன், ஆனால் சுட்டது.

மிச்சம் வீதியில் உள்ள நூலகத்துக்குப் போனேன். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று அளந்து 1885இல் எழுதினாராம். படித்ததில் பெரும்பங்கு முதல் நாளிலேயே போய்விடுகிறது. மறக்கப் போகும் நேரத்தில் ஒருமுறை மீட்டெடுத்தால் அடுத்த மறதி பிந்தி வரும். லைட்னர் என்பவர் 1972இல் இதற்கு ஒரு அட்டைப்பெட்டி முறை சொன்னார். நான் ஒரு சப்பாத்துப் பெட்டியை ஐந்து அறையாகப் பிரித்தேன். முதல் அறையின் அட்டைகளைத் தினமும் பார்க்கவேண்டும், அடுத்ததை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு ஒருதரம் என்று இடைவெளி கூடும். சரியாகச் சொன்ன அட்டை ஒரு அறை முன்னேறும். பிழைத்த அட்டை முதல் அறைக்கே திரும்பும். அட்டையைத் திருப்பிப் பார்க்கமுன் விடையைத் தேடி மூளை கொஞ்சம் திண்டாடவேண்டும். அந்தத் திண்டாட்டம்தான் படிப்பு. பார்த்து எழுதிய ஐம்பது தரத்தில் அது ஒருதரமும் நடக்கவில்லை.

இதைச் செய்யும்போது எனக்கு அப்புவின் நினைவு வந்தது. அவர் வாய்பாட்டை ஒரே இருப்பில் நூறுதரம் சொல்ல வைக்கமாட்டார். விளக்கு வைத்தபின் ஒருதரம். அடுத்த நாள் கிணற்றடியில், "எட்டேழு?" இரண்டு நாள் கழித்துச் சந்தைக்குப் போகும் வழியில் மறுபடி. பதில் வரும்வரை வாய் திறக்கமாட்டார். எபிங்ஹவுஸை அவர் அறிந்தவரல்ல.

எழுத்தை உறுப்புகளாகப் பிரித்து, கதை கட்டி, இடத்தில் வைப்பதும் உதவியது. ஒரு மரம் என்றால் மரம், இரண்டு என்றால் தோப்பு, மூன்று என்றால் காடு. மூன்றையும் டூட்டிங் பெக் பொதுவெளியில் நட்டேன். மரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் என்றால் ஓய்வு. அந்த ஆளை அங்கேயே ஒரு வாங்கில் இருத்தினேன். அப்பர் டூட்டிங் வீதியில் முத்துமாரி அம்மன் கோயில் வாசலில் 'தீ'. இப்படி வீதியெல்லாம் எழுத்து. கான்ஜியில் பெரும்பாலானவை ஒலிக்குறிப்பும் பொருட்குறிப்பும் சேர்ந்தவை. ஆகையால் நாம் கட்டும் கதை பல இடங்களில் வரலாறு அல்ல, வெறும் கொளுக்கிதான். ஆனாலும் கொளுக்கியில்தான் சட்டையைக் கொழுவலாம்.

பிறகு எண்பதுக்கு வெளியே இரண்டு எழுத்துகள் கண்ணில் பட்டன. 'இல்லாமற்போதல்' மேலே, 'நெஞ்சு' கீழே என்றால் மறத்தல். அதே நெஞ்சை இடப்பக்கம் நிறுத்தினால், நேரமில்லாமல் ஓடித்திரிதல். உறுப்புகள் இரண்டும் ஒன்றே, நிற்கும் இடம்தான் வேறு.

அட்டையை மேசையில் வைத்துவிட்டு இருந்தேன். மகள் பத்து வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை விட்டாள். அவள் அழுது அடம்பிடித்து விட்டதாகத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிவந்தேன். உண்மையில், சனிக்கிழமைகளில் எனக்குக் கடையில் வேலை. கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. 'பிறகு பார்ப்போம்' என்று நான்தான் சொன்னேன். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும் என்று இப்போது இந்தப் பெட்டி காட்டுகிறது. அந்தப் பத்து நிமிடம் அன்று என்னிடம் இருந்ததா இல்லையா என்பதை இன்றும் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு அட்டைகளையும் திரையில் காட்டி, இதை மகளுக்குச் சொன்னேன். அவள் கனநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மப்பாவின்ர கடிதங்கள் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தன, பெட்டியின் அடியில், நீலக் கடுதாசியில். இப்போது நகோயாவிலும் ஒரு சப்பாத்துப் பெட்டி இருக்கிறது. அதில் தமிழ் எழுத்து. ல, ள, ழ மூன்றும் முதல் அறையை விட்டு நகர மறுக்கின்றனவாம். போன மாதம் மிகச் சிறிய கடிதம் ஒன்றைத் தேர்ந்து அனுப்பினேன். நேற்று அவள் அதைத் திரைக்கு முன் பிடித்து, விரல் வைத்து, மூன்று சொற்களை வாசித்தாள். நாலாவதில் நின்றாள். எனக்கு அந்தச் சொல் தெரியும், நாக்கு நுனியில் இருந்தது. பேரன் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.