புல்லு வெட்ட ஒரு சின்ன மிசின்

புது நாட்டில் குடியேறிய எங்கள் சனத்தில் பலர் மாடிக் குடியிருப்பில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் சில குடும்பங்களுக்கு நகரத்துக்கு வெளியே, வளவோடு சேர்ந்த பழைய வீடு குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. வளவு என்றதும் எங்களுக்கு மனம் குளிர்ந்துவிடும். தோட்டம் செய்யலாம், கோழி வளர்க்கலாம் என்று நினைப்போம். முதல் கோடை வந்த பிறகுதான் புல்லு எவ்வளவு வளரும் என்பது தெரியும். அதை யார் வெட்டுவது, எதால் வெட்டுவது என்பதே அந்த வீட்டின் பெரிய கேள்வியாகிவிடும். அந்தக் கேள்வி எங்கள் குடும்பத்துக்கும் வந்தது. அதைப் பற்றி எழுதினால் வேறு சிலருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

நான் இருப்பது பஹ்ரேனில், ஈசா டவுனில். இதுவும் ஒரு வகையில் குடியேற்ற ஊர்தான். வீடில்லாத குடும்பங்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டி, 1968 இல் திறந்து, அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ஈசாவின் பெயரை வைத்தார்கள். நான் தோட்டப் பராமரிப்புக் கொம்பனி ஒன்றில் வேலை செய்கிறேன். விளையாட்டு மைதானங்கள், பெரிய வீட்டு வளவுகள், பேரீச்சந் தோட்டங்கள் ஆகியவற்றில் புல்லு வெட்டுவதும் மண் அள்ளுவதும் என் வேலை. பதினேழு வருடமாகச் சின்ன உழவு இயந்திரத்தின் மேலேயே இருக்கிறேன். அதற்கு முன் கிளிநொச்சியில், இரணைமடுத் தண்ணீர் பாய்கிற வயல்களில் மசி பேர்குசன் 135 ஓட்டினேன்.

என் தங்கச்சியின் குடும்பம் மண்டபம் முகாமில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது ஒன்ராறியோவில் ஒரு கிராமப்புறத்தில் இருக்கிறது. வீட்டோடு நாலு ஏக்கர், எங்கள் கணக்கில் அறுபத்துநாலு பரப்பு. வளவைத் துப்புரவாக வைத்திருந்தால் வாடகையில் ஒரு பகுதியைக் கழிக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கத்து வளவுகளுக்கும் வெட்டிக் கொடுத்தால் கையில் கொஞ்சம் காசு வரும். மச்சானுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 1998 இல் மிதிவெடியில் போனது. செயற்கைக் காலோடு நடக்கிறார். தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நிற்கிற வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. ஆகவே இந்த மிசின்தான் அவருடைய தொழிலாக இருக்கப் போகிறது. வாங்குகிற காசில் பெரும்பகுதி என்னுடைய மூன்று வருடச் சேமிப்பு. பிழையானதை வாங்கினால் திரும்பவும் வாங்குவதற்கு எங்கள் இரண்டு பக்கத்திலும் காசில்லை.

மச்சானுக்கு ஒரே பிடிவாதம், பழைய மசி பேர்குசன்தான் வேண்டும் என்று. அதில் நியாயமும் உண்டு. 1960களின் நடுவில் வந்த 135 எங்கள் பக்கத்து வயல்களுக்கு நன்றாகப் பழகிய மிசின். சென்னையில் 1960 இல் தொடங்கிய டஃபே கொம்பனியும் அதே மசி பேர்குசன் வகையைத்தான் செய்துவந்தது. அவர் அதில்தான் தொழில் பழகினார். தடைக்காலத்தில் டீசல் இல்லாமல், கிடைத்த எண்ணெயில் எஞ்சினை ஓட வைத்தவர். அந்த மிசினைப் பற்றி நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் கேள்வி எது நல்ல மிசின் என்பதல்ல. இந்த வளவுக்கும் இந்த ஆளுக்கும் எது பொருந்தும் என்பதுதான்.

முதலில் கிளச்சைப் பார்ப்போம். கியர் மிசினில் கிளச் இடது காலுக்கு. உழும்போது ஒரு கியரில் போட்டுவிட்டு நீளமாக ஓடலாம். புல்லு வெட்டுவது அப்படியல்ல. மரத்தைச் சுற்ற வேண்டும், வேலி ஓரத்தில் பின்னுக்கு எடுக்க வேண்டும், ஒவ்வொரு வரிசை முடிவிலும் திரும்ப வேண்டும். நாலு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 127 மீற்றர். ஐந்து அடி அகல வெட்டியால் வெட்டினால் எண்பதுக்கு மேற்பட்ட வரிசைகள் வரும். முன்னுக்கும் பின்னுக்கும் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கிளச். செயற்கைக் காலுக்கு அந்த மிதியின் உணர்வு தெரியாது. எவ்வளவு அழுத்தினோம், எப்போது விட்டோம் என்பது கால் சொல்ல வேண்டிய விஷயம்.

ஹைட்றோஸ்ரற்றிக் என்று ஒரு வகை இருக்கிறது. எஞ்சினின் வலுவை ஒயிலின் அழுத்தத்தால் சில்லுக்குக் கொண்டுபோகும். வலது காலின் கீழே உள்ள மிதியை அழுத்தினால் முன்னுக்குப் போகும், மறுபக்கம் அழுத்தினால் பின்னுக்கு வரும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். காலை எடுத்தால் மிசின் மெதுவாகி நிற்கும். திரும்பும் ஒவ்வொரு முறையும் கிளச் மிதிக்கத் தேவையில்லை. கியர் மிசினோடு பார்க்க வலுவில் கொஞ்சம் வீணாகும், விலையும் கூட. நாள் முழுக்க உழுவதற்குக் கியர்தான் நல்லது. புல்லு வெட்டவும் முன்வாளியால் அள்ளவும் இதுதான் சுகம். ஒன்றை மட்டும் நேரில் பார்க்க வேண்டும். சில மாதிரிகளில் பிறேக் மிதி இடது பக்கத்தில் இருக்கும்.

இரண்டாவது, அளவு. எங்கள் ஆட்களுக்குப் பெரிதாக வாங்கினால்தான் வாங்கியதுபோல. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து அடி வெட்டியோடு மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் போனால், திரும்பும் நேரத்தையும் கழித்து, நாலு ஏக்கரும் மூன்று மணித்தியாலத்துக்குள் முடியும். ஏழு அடி வெட்டி போட்டால் இரண்டு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்க வலு கூடிய, பாரம் கூடிய மிசின் வேண்டும். பாரம் கூடினால் பனி உருகிய ஈரமண்ணில் சில்லு புதைந்து, புல்தரை சகதியாகிவிடும். பழைய 135 ஒன்றரைத் தொன் அளவில் வரும். இருபது முதல் இருபத்தைந்து குதிரைவலு உள்ள சின்ன மிசின் கிட்டத்தட்ட அதில் பாதி. அந்த வலுவிலேயே புல்லு வெட்டவும், பாதைக்குக் கல் பரப்பவும், விறகு இழுக்கவும், சிறிய தோட்டம் கொத்தவும், பனி தள்ளவும் முடியும்.

குதிரைவலுவைப் பார்க்கும்போது இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று எஞ்சினின் வலு. மற்றது பின்னால் உள்ள பி.ரி.ஓ. தண்டுக்கு வந்து சேர்கிற வலு. வெட்டியைச் சுழற்றுவது இரண்டாவதுதான். விற்பவர் முதல் எண்ணைத்தான் பெரிதாகச் சொல்வார். நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள். பற்றைக் காடு வெட்டும் முரட்டு வெட்டியானால், அடிக்கு ஐந்து குதிரைவலு என்பது பொதுவான கணக்கு.

மூன்றாவது, ரயர். வயல் ரயரின் உயர்ந்த பல் சகதியில் பிடிக்கும், ஆனால் புல்தரையைக் கிழிக்கும். புல்தரை ரயர் அகலமாக, மெல்லிய பல்லோடு இருக்கும். புல்லைக் காக்கும், சகதியில் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் தொழிற்சாலை வகை ரயர் ஒன்று உண்டு. எங்கள் மைதான மிசின்களுக்குப் புல்தரை ரயர்தான். மச்சானுக்குப் பனியும் தள்ள வேண்டும் என்பதால் நடு வகையைச் சொன்னேன்.

நாலாவது, பழைய மிசின் வாங்குவது. ஜப்பானில் உள்நாட்டு வயலுக்காகச் செய்து, பாவித்தபின் கப்பலில் வருகிற சின்ன மிசின்கள் பல நாடுகளில் மலிவாகக் கிடைக்கும். எஞ்சின் நல்லதாக இருக்கும். ஆனால் அந்த மாதிரி அந்த நாட்டில் விற்கப்படாததாக இருந்தால் உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டும். பலவற்றில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்காது. ஆகவே மிசினைப் பார்க்கும் முன், பாகம் விற்கிற கடை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மிசினைப் பார்க்கப் போகும்போது முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் சுலபமாக எழும்பாததை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். மிசினுக்கு அடியில் நிலத்தைப் பாருங்கள். குளிர் நாட்டில் மாரிகாலத்துக்குரிய டீசல் போடாவிட்டால் எரிபொருள் இறுகி, எஞ்சின் எழும்பாது.

பஹ்ரேனில் குளிர் எங்களை வருத்துவதில்லை, வெயில்தான். வருட மழை நூறு மில்லிமீற்றருக்கும் குறைவு. கிணற்றுத் தண்ணீரில் உப்பு. இங்குள்ள புல்லில் நிறையப் பங்கு, துப்லியில் சுத்திகரிக்கிற கழிவுநீரிலும் உப்புத் தாங்கும் புல்லினத்திலும்தான் வாழ்கிறது. அந்த உப்பும் தூசியும் புல்லுத்தூளும் சேர்ந்து றேடியேற்றரை அடைத்துவிடும். மதியத்துக்குள் ஒரு தடவை நிறுத்தி ஊதித் துடைக்காவிட்டால் எஞ்சின் கொதிக்கும். வேலை முடிந்ததும் வெட்டியின் அடிப்பக்கத்தைச் சுரண்டாவிட்டால் துரு பிடித்துத் தகடு ஓட்டையாகும். கனடாவிலும் இந்தப் பழக்கம் நட்டம் தராது. மனிதருக்கும் அதே கவனிப்புத் தேவை. இங்கே 2007 முதல் கோடையில் மதிய வேளையில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறது. 2025 இல் அதை ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நீட்டினார்கள்.

இனி முக்கியமானது. ஊரில் நாங்கள் மட்காட்டில் பிள்ளையை இருத்திக்கொண்டு ஓட்டுவோம். அதைச் செய்யாதீர்கள். பி.ரி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 தடவை சுழலும். செக்கனுக்கு ஒன்பது சுற்று. எங்களோடு வேலை செய்த ஒருவரின் சேட்டுக் கையை மூடியில்லாத தண்டு பிடித்ததை நான் கண்டேன். என்ன நடந்தது என்று அவர் உணர்வதற்கு முன்பே கை முறிந்துவிட்டது. ஆகவே மூடி இல்லாத தண்டை வாங்காதீர்கள். சாரம், சால்வை, தொங்குகிற உடுப்போடு கிட்டப் போகாதீர்கள். பின்னால் நிற்கும் வளைந்த சட்டமும் ஆசனப் பட்டியும் சோடி. சட்டம் நிமிர்ந்து நிற்கும்போது பட்டி கட்டுங்கள். மரக்கிளைக்காகச் சட்டத்தை மடித்தால் பட்டியைக் கழற்றுங்கள், கிளையைத் தாண்டியதும் உடனே நிமிர்த்துங்கள். சரிவில் குறுக்கே ஓடாமல் மேலும் கீழுமாக ஓடுங்கள். வாளியில் பாரம் இருந்தால் நிலத்துக்குக் கிட்டவாகப் பிடியுங்கள். வெட்டி கல்லைத் தூக்கி எறியும், பிள்ளைகள் வீட்டுக்குள்ளே இருக்கட்டும்.

மச்சானோடு இதைக் கதைக்கக் கதைக்க எனக்கு ஒன்று விளங்கியது. அவர் மசி பேர்குசனைக் கேட்டது மிசினுக்காக மட்டுமல்ல. கால் போவதற்கு முன் தான் இருந்த மாதிரி ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்பதற்காக. அதை நான் வாயால் சொல்லவில்லை. "அத்தான், இரண்டிலும் ஏறி இருந்து, அரை மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கோ. பிறகு எதைச் சொல்லுறியளோ அதுக்குக் காசு அனுப்புறன்" என்று சொன்னேன். தங்கச்சியும் கூடப் போனாள். பழைய 135 இல் பத்தாவது தடவை கிளச் மிதித்தபோதே அவர் முகம் மாறிவிட்டது, ஆனால் அரை மணித்தியாலத்தையும் முடித்துத்தான் இறங்கினார் என்று அவள் சொன்னாள். சின்ன மிசினில் ஏறியவர் இறங்கவில்லை. "இடது கால் சும்மா கிடந்தது, மச்சான்" என்று இரவு தொலைபேசியில் சொன்னார். அதற்கு மேல் இருவரும் அதைக் கதைக்கவில்லை.

இருபத்துமூன்று குதிரைவலு, பாவித்த மிசின், நடுவில் தொங்குகிற ஐந்து அடி வெட்டி, முன்வாளி. கடை இருபது நிமிடத் தூரம். அவர் தேர்ந்ததில் பிறேக்கும் வலது பக்கம்தான். இன்னொரு நன்மையை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊரில் ஒரு நாளும் உழவு இயந்திரத்தில் ஏறாத தங்கச்சி, இரண்டு கிழமையில் ஓட்டப் பழகிவிட்டாள். மச்சானுக்குக் கால் தழும்பு நோகிற நாட்களில் அவள் வெட்டுகிறாள். தொழில் ஒருவரின் உடம்பில் மட்டும் தங்கியிருக்கவில்லை.

ஈசா டவுனுக்குப் பக்கத்தில் அதாரி என்று ஒரு பெயர்பெற்ற ஊற்று இருந்தது. தன் பக்கத்து நிலத்தை விட்டுவிட்டுத் தூரத்து நிலத்துக்கு நீர் பாய்ச்சும் ஊற்று என்று இங்குள்ளவர்கள் பழமொழி சொல்வார்கள். வளைகுடாவில் உழைக்கிற எங்களைப் பற்றியும் அப்படித்தான் சொல்லலாம். இந்த மிசினுக்காக நான் இன்னும் ஒரு ஒப்பந்தக் காலம் இங்கே இருக்க வேண்டும். அதில் எனக்கு மனக்குறை இல்லை.

காசு கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வருடத்தில் அதிக நாள் செய்யப் போகிற வேலை எது? அதை ஓட்டப் போகிறவரின் உடம்புக்கு எது ஒத்துவரும்? பழுதானால் யார் திருத்துவார்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பெயரும் நிறமும் தானாக அமையும். வாங்கிய பிறகு முதல் ஐம்பது மணித்தியாலத்தில் ஒயிலை மாற்ற மறக்க வேண்டாம்.