பயணம் சொல்லிப் போதல்

சென்ற ஆண்டு எங்கள் ஊரில் ஒரு வலீமா விருந்து. சஹனைச் சுற்றி அமர்ந்து பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைக்கும் நேரத்தில், எதிரே இருந்த உறவினர் ஒருவர், "என்ன ஹஜ்ரத், விமானத்தை எங்கே நிறுத்திவிட்டு வந்தீர்கள்? மண்டபத்து வாசலில் இடம் இருந்ததா?" என்று கேட்டார். உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவைத்தோம். வீடு திரும்பிய பிறகுதான் தெரிந்தது, பெண்கள் பகுதியிலும் ஏறக்குறைய அதே வேளையில் அதே பேச்சு நடந்திருக்கிறது. "இப்போதெல்லாம் ஓதிக்கொடுக்கிற வீட்டில்தான் பறக்கிறார்கள். நமக்குப் பஸ்சில் உட்கார இடம் கிடைத்தால் போதும்."

நாங்கள் கணவனும் மனைவியும் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர்கள். ஒருவர் ஆண்பிள்ளைகளுக்கு, ஒருவர் பெண்பிள்ளைகளுக்கு. மதரஸா ஊதியம் எவ்வளவு இருக்கும் என்பது இதைப் படிக்கும் குடும்பங்களுக்குத் தெரியாததன்று. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து மூன்று ஆண்டுகளில் மூன்று முறை வெளிநாடு போனால் ஊர் பேசத்தான் செய்யும். 2022-இல் உம்ரா. அது ஆறு ஆண்டுச் சேமிப்பும் இரண்டு வளையல்களும் சேர்ந்து நடந்தது. 2023-இல் பினாங்கு. அங்கே வேலை பார்க்கும் மச்சான் டிக்கெட் எடுத்து அனுப்பினார். 2024-இல் கொழும்பு, நெருங்கிய உறவில் ஒரு நிக்காஹ்.

பினாங்குப் பயணத்தைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேச்சு அதிகம் எழுந்தது அதைப் பற்றித்தான். எங்கள் பாட்டனார் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கு போய்ச் சேர்ந்தவர். தோளில் காவடித் தண்டு போல ஒரு கம்பு, அதன் இரு முனைகளிலும் சோறும் குழம்பும். இன்று பெரிய கடைகளில் விற்கும் நாசி கண்டார், அப்படித் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்ற நம்மவர்களின் சோறு. சூலியா தெருவில் நாகூர் தர்காவின் பெயரால் எழுந்த கட்டடத்தையும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் பார்த்தபோது, பாட்டனார் இந்தப் பள்ளியில்தானே ஸுஜூது செய்திருப்பார் என்று எண்ணி நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம். ஆனால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அந்த எண்ணமன்று, படங்கள். கடற்கரையில் நின்றது, கேபிள் வண்டியில் ஏறியது, தட்டு நிறையச் சோறு. எட்டு நாளில் எத்தனை படம் ஸ்டேட்டஸில் வைத்தோம் என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். 60-ஐத் தாண்டியிருந்தது.

பேச்சு காதில் விழத் தொடங்கியதும் முதலில் நாங்கள் விளக்கம் சொல்லிப் பார்த்தோம். வளையலை விற்றோம் என்றால், "விற்க உங்களிடம் வளையலாவது இருந்தது" என்றார்கள். மச்சான் அனுப்பினார் என்றால், "எங்களுக்கும்தான் மச்சான்கள் இருக்கிறார்கள்" என்றார்கள். விளக்கம் சொல்லச் சொல்ல, ஒளிக்க ஏதோ இருப்பவர்களைப் போல நாங்களே எங்களைக் காட்டிக்கொண்டோம்.

பிறகு எதையும் சொல்லாமல் இருந்து பார்த்தோம். நிஃமத்தை மறைப்பதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. யூஸுஃப் (அலை) கண்ட கனவைச் சகோதரர்களிடம் சொல்ல வேண்டாம் என்று யஃகூப் (அலை) தடுத்ததைப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். ஆகவே கொழும்புக்குப் புறப்பட்டபோது இரவு இரண்டு மணிக்கு வண்டி வைத்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் பெட்டியை ஓசையில்லாமல் தூக்கிக்கொண்டு, திருடர்களைப் போல வெளியேறினோம். முக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் கேட்டதற்குச் "சென்னைக்கு" என்றோம். விமானம் சென்னையிலிருந்துதான் என்பதால் அது பொய்யில்லை என்று எங்களுக்கு நாங்களே சமாதானமும் சொல்லிக்கொண்டோம். திரும்பி வரும் வழியில் பத்து வயது மகள், "யாராவது கேட்டால் எங்கே போயிருந்தோம் என்று சொல்ல வேண்டும்?" என்று கேட்டாள். உண்மை பேசுவதைப் பற்றி வாரம் ஒரு பாடம் நடத்தும் வீடு அது. வண்டியில் யாரும் அவளுக்கு விடை சொல்லவில்லை.

ஊர் வந்து மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பார்க்க வந்த உறவுப் பெண் ஒருவர் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போடச் சொன்னார். அதை நாங்கள் செய்யவில்லை. முஅவ்விததைன் ஓதி ஊதினோம், மருத்துவரிடமும் காட்டினோம். ஆனால் மனம் சும்மா இருக்கவில்லை. யார் கண்ணாக இருக்கும் என்று தேடத் தொடங்கியது. தேடிய மனம் போய் நின்ற இடம் பக்கத்து வீட்டு ராத்தா. பினாங்கிலிருந்து வந்த மறுநாள் அவர்தான் கைப்பேசியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கெல்லாம் எங்கே இந்தக் கொடுப்பினை" என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம், மகளை அவர் வீட்டுக்குப் பால் வாங்க அனுப்புவதை நிறுத்தினோம். காரணம் கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்க்காரணமும் வைத்திருந்தோம். அவர் கேட்கவே இல்லை.

கண்ணேறு உண்மை என்பதில் எங்களுக்கு ஐயம் இல்லை. ஸஹீஹ் முஸ்லிமில் அதற்கு ஹதீஸ் உண்டு. ஆயினும் முவத்தாவில் வரும் ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை எத்தனை முறை படித்தும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருந்தோம். ஸஹ்ல் குளித்துக்கொண்டிருக்கும்போது அவர் மேனியைப் பார்த்து ஆமிர் இப்னு ரபீஆ (ரலி) வியந்து பேசுகிறார். ஸஹ்ல் அந்த இடத்திலேயே நோயுற்று விழுகிறார். நபி (ஸல்) அவர்கள் ஆமிரை அழைத்துக் கடிந்துகொண்டு, பரக்கத்துக்காக நீர் துஆச் செய்திருக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். ஆமிர் யார்? பகைவர் அல்லர், பத்ருப் போரில் கலந்துகொண்ட ஸஹாபி. அழகாக இருந்ததை அழகு என்று சொன்னார், அவ்வளவுதான். ஆக, கண்ணேற்றுக்கு ஆள் தேடிப் புறப்படுகிறவன் தன்னை விரும்புகிறவர்களையே சந்தேகப்பட்டு முடிக்க நேரிடும். நாங்கள் செய்தது அதைத்தான்.

இது எங்களுக்கு விளங்கியது கிதாபைப் புரட்டியதால் அன்று. ஒருநாள் மஃரிபுக்குப் பின் அந்த ராத்தா வாசலில் வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பாஸ்போர்ட். "இது இன்னும் செல்லுமா என்று பார்த்துச் சொல்லுங்கள், எனக்கு ஆங்கில எழுத்து கூடாது" என்றார். பார்த்தோம். 2012-இல் எடுத்தது. 2022-இலேயே காலாவதியாகியிருந்தது. உள்ளே 36 பக்கமும் வெள்ளையாக இருந்தன, ஒரு முத்திரைகூட இல்லை.

அவருடைய கணவர் தம்மாமில் 22 ஆண்டு உழைத்தவர். இகாமாவில் 'ஆமில்', அதாவது தொழிலாளி என்று எழுதியிருந்ததால் குடும்பத்தை அழைத்துக்கொள்ள விசா கிடைக்கவில்லை. ஒரு முறையாவது உம்ராவுக்கு வரவழைக்கிறேன் என்று சொல்லித்தான் அவர் பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னாராம். மூத்த பெண்ணின் திருமணம் வந்தது, பிறகு வீட்டுக் கடன், பிறகு இரண்டாவது பெண். கடைசியில் கணவரே சிறுநீரகம் பழுதாகி ஊர் வந்து சேர்ந்தார். இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். இதையெல்லாம் ராத்தா குறையாகச் சொல்லவில்லை, காலாவதியைப் பற்றிக் கேட்டதற்கு விடை போலச் சொன்னார். நாங்கள் தேதியைச் சொன்னதும், "அப்படியா" என்று வாங்கி உறையில் வைத்துக்கொண்டு, "படத்தில் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றார்.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. தொழுகைக்குப் பின் 33 முறை சுப்ஹானல்லாஹ், 33 முறை அல்ஹம்துலில்லாஹ், 33 முறை அல்லாஹு அக்பர் என்று ஓதுவதைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறோம். எண்ணிக்கை தவறினால் திருத்துகிறோம். அந்த ஹதீஸ் எப்படித் தொடங்குகிறது என்பதை மட்டும் நாங்கள் நின்று பார்த்ததே இல்லை. அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் அது ஏழைகளின் முறையீட்டில் தொடங்குகிறது. வசதி உள்ளவர்கள் எங்களைப் போலவே தொழுகிறார்கள், எங்களைப் போலவே நோன்பு வைக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் மிச்சப் பணம் இருக்கிறது, அதைக்கொண்டு ஹஜ்ஜும் உம்ராவும் செய்கிறார்கள், தர்மமும் செய்கிறார்கள், எல்லா உயர்வையும் அவர்களே கொண்டுபோய்விட்டார்கள் என்பது அவர்கள் சொன்னதன் கருத்து. பயணம் போக முடியாதவர்கள் பயணம் போகிறவர்களைப் பற்றிச் சொன்ன சொல் அது! நம் வீட்டு வாசலில் நின்று ஒருவர் இதைச் சொல்லியிருந்தால், பொறாமை பிடித்தவர் என்று அன்றே முடிவு கட்டியிருப்போம். நபி (ஸல்) அவர்கள் அவர்களைப் பொறாமைக்காரர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் கையில் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். வசதியுள்ளவர்களும் அதைக் கேட்டு ஓதத் தொடங்கிவிட்டார்கள் என்று அந்த ஏழைகள் திரும்ப வந்து சொன்னதாக முஸ்லிமின் அறிவிப்பில் வருகிறது. அப்போதும் கடிந்துகொள்ளவில்லை, அது அல்லாஹ்வின் அருள், நாடியவருக்குக் கொடுக்கிறான் என்றுதான் விடை.

பிறரிடம் இருப்பது அழிய வேண்டும் என்று விரும்புவது ஹசத். அவரிடம் அது இருக்கட்டும், நமக்கும் கிடைக்கட்டும் என்று ஏங்குவது கிப்தா. வகுப்பில் இந்த இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போடுவோம். வாசலில் நின்று கேட்கும்போது இரண்டும் ஒரே சொற்களில்தான் வருகின்றன. "உங்களுக்கென்ன" என்ற சொல்லுக்குள் எது இருக்கிறது என்று கேட்டவுடனே தீர்ப்புச் சொல்ல நமக்கு அறிவு கொடுக்கப்படவில்லை.

எல்லாப் பேச்சும் ஏக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. மதரஸாவில் ஊதிய உயர்வு கேட்டு எழுதிக்கொடுத்த கடிதம் கமிட்டிக்கு வந்தபோது, "வருஷா வருஷம் வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னும் என்ன உயர்வு" என்று ஒருவர் சொல்ல, கடிதம் தள்ளி வைக்கப்பட்டது. உடன் ஓதிக்கொடுக்கும் இன்னும் மூவருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கடிதம். இந்த இடத்தில் மௌனம் பொருந்தாது என்று எங்களுக்குப் பட்டது. இஃதிகாஃபில் இருந்த நபி (ஸல்) அவர்கள், தம்மைக் காண வந்த அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை வழியனுப்ப எழுந்தபோது, விரைந்து கடந்துபோன அன்ஸாரித் தோழர் இருவரை நிறுத்தி, இவர் ஸஃபிய்யாதான் என்று தாமாகவே தெளிவுபடுத்தினார்கள். அமானிதத்தில் சந்தேகம் விழும் இடத்தில் விளக்கம் சொல்வது கடமை. எனவே பெரியவர் ஒருவரைத் தனியே சந்தித்து, வளையல் விற்ற ரசீதையும் மச்சான் டிக்கெட் எடுத்த விவரத்தையும் ஒரே ஒருமுறை காட்டினோம். காட்டும்போது கூச்சமாகத்தான் இருந்தது. மூன்று மாதம் கழித்து அந்த மூவருக்கு உயர்வு கிடைத்தது. எங்களுக்கு இன்னும் இல்லை. அதைப் பற்றி மறுபடி கேட்க மனம் வரவில்லை.

எங்கள் உம்மா காலத்தில் இந்தத் தொல்லைக்கு ஒரு வழி இருந்தது. சபர் போகிறவர் கிளம்புவதற்கு முன் 'பயணம் சொல்ல' வீடுவீடாகப் போவார். உட்கார்ந்து, "ஏதாவது பேசியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், துஆச் செய்யுங்கள்" என்பார். அந்த வீட்டார் தம் தேவையைச் சொல்லி, அங்கே போய் இன்னாருக்காகத் துஆக் கேளுங்கள் என்று பெயர்களைக் கொடுப்பார்கள். திரும்பி வந்தால் ஜம்ஜமும் பேரீச்சம்பழமும் அதே வரிசையில் அதே வீடுகளுக்குப் போகும். உம்ராவுக்கு விடைபெற வந்த உமர் (ரலி) அவர்களிடம், துஆவில் எங்களை மறந்துவிடாதீர் என்று நபி (ஸல்) கேட்டுக்கொண்டதாகத் திர்மிதியில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அப்படிப் போனவருடைய பயணத்தில் தெருவில் பாதிப் பேருக்குப் பங்கு இருந்தது. நாங்களோ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய், போன இடத்திலிருந்து 60 படங்களை எல்லோர் முகத்திலும் காட்டினோம்.

இந்த ஆண்டு உம்மாவை உம்ராவுக்கு அழைத்துப் போகும் பாக்கியம் மச்சானின் உதவியால் மீண்டும் கிடைத்தது. மூன்று நாள் ஒதுக்கிப் பயணம் சொல்லப் போனோம், 27 வீடுகள். விமானத்தை எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்ட உறவினர் வீட்டுக்கும் போனோம். "மறுபடியுமா?" என்றார். "ஆம், துஆச் செய்யுங்கள், உங்களுக்கு என்ன கேட்கட்டும்?" என்றோம். சற்று நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய், வேலை இல்லாமல் இருக்கும் மகனின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். அவர் பேச்சு மாறிவிட்டது என்று சொல்ல மாட்டோம், சென்ற வாரமும் ஏதோ சொன்னார். படம் எதையும் அங்கிருந்து ஸ்டேட்டஸில் வைக்கவில்லை. வந்த பிறகு கேட்டவர்களுக்கு மட்டும் காட்டினோம்.

ராத்தாவிடம் பயணம் சொல்லப் போனபோது, அவருடைய ஒரு சொல்லை நாங்கள் தவறாக எடுத்துக்கொண்டதற்காகவும் மகளை அனுப்பாமல் இருந்ததற்காகவும் மன்னிப்புக் கேட்டோம். "தெரியும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் கொடுத்த பெயர்ப் பட்டியலில் கணவர் பெயர் இருந்தது, இரண்டு பெண்களின் பெயரும் பேரப்பிள்ளைகள் பெயரும் இருந்தன. அவர் பெயரை எழுத மறந்திருந்தார். அதை நாங்கள் எழுதிக்கொண்டோம்.

திரும்பி வந்த பின் அவரைத் தஞ்சாவூர் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். புதியது தபாலில் வந்துவிட்டது. டயாலிசிஸ் நாள்களில் கணவரை விட்டுப் போக முடியாது, பணமும் இன்னும் கூடவில்லை, ஆகவே தேதி எதுவும் குறிக்கப்படவில்லை. காலாவதி 2035 என்று போட்டிருப்பதை அவருக்குப் படித்துக் காட்டினோம். மகள் இப்போது பால் வாங்கப் போகிறாள்.