ஆலை நகரில் ஒரு பழுப்புப் பெட்டி

பாஸ்டனிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் மாசசூசெட்ஸ் முடிந்து நியூ ஹாம்ப்ஷயர் தொடங்குகிறது. எல்லையைத் தாண்டியதுமே சாலையோரம் வரிசையாகக் கடைகள். இந்த மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. அதனால் பக்கத்து மாநிலத்துக்காரர்கள் டி.வி. முதல் துடைப்பம் வரை வாங்க இங்கே வந்துவிடுகிறார்கள். கார்களின் நம்பர் பிளேட்டில் மாநிலத்தின் கோஷம் மிரட்டுகிறது: சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ.

முதலில் வரும் ஊர் நாஷுவா. சுற்றுலாப் பயணிக்கு இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. மெரிமாக் நதியில் வந்து கலக்கும் ஒரு சிற்றாறு, அதன் கரையில் செங்கல் ஆலைகள், அகலமான மெயின் ஸ்ட்ரீட். ஆனால் கனால் ஸ்ட்ரீட்டில் உள்ள ஒரு தொழிற்சாலைக் கட்டடத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் நிற்கலாம். உள்ளே போக முடியாது. ராணுவத் தளவாட எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அது. காவலாளிக்கு வேடிக்கை பார்க்க வருபவர்களைப் பிடிக்காது. உலகெங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகள் (பெரியவர்களும்தான்) இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரல் தேயத் தேய விளையாடும் 'கன்ட்ரோலர்' என்ற சாதனத்தின் பூர்வீக வீடு இதுதான். 1967லும் 1968லும் இங்கே பூட்டிய ஓர் அறைக்குள் அதன் முதல் முன்மாதிரிகள் உருவாயின.

நாஷுவா பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். 1948ல் ஆலைகளை நடத்திவந்த டெக்ஸ்ட்ரான் நிறுவனம் மூட்டை கட்டிக்கொள்ள முடிவு செய்தபோது ஊரே கதிகலங்கியது. வாஷிங்டனில் செனட் விசாரணை வரை விஷயம் போயிற்று. காலியான கட்டடங்களுக்கு ஊர்ப் பெரியவர்கள் ஆள் தேட, 1952ல் வந்து சேர்ந்தது சாண்டர்ஸ் அசோசியேட்ஸ். எதிரியின் ராடாரை ஏமாற்றும் கருவிகளைச் செய்யும் கம்பெனி. நூற்பு இயந்திரங்கள் ஓடிய தளங்களில் சாலிடரிங் வாசனை பரவியது.

அந்தக் கம்பெனியில் 1956ல் சேர்ந்தவர் ரால்ஃப் பேயர். ஜெர்மனியில் 1922ல் பிறந்த யூதர். நாஜிகளின் சட்டங்களால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுவன். 1938ல், யூதர்களின் கடைகளும் ஆலயங்களும் நொறுக்கப்பட்ட அந்த நவம்பர் இரவுக்குச் சில வாரங்கள் முன்பு, குடும்பம் தப்பித்து நியூயார்க் வந்தது. வாரம் 12 டாலருக்குத் தொழிற்சாலை வேலை. அஞ்சல் வழியில் ரேடியோ ரிப்பேர் கற்றார். போர் வந்ததும் அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவில் லண்டனுக்குப் போனார். திரும்பி வந்து சிகாகோவில் 1949ல் டெலிவிஷன் என்ஜினியரிங் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பட்டம் அபூர்வம்.

1966 ஆகஸ்ட் கடைசியில், ஓர் அலுவலக வேலைக்காக நியூயார்க் போயிருந்த பேயர், சக ஊழியருக்காக பஸ் நிலையத்துக்கு வெளியே காத்திருந்தபோது ஒரு யோசனை வந்தது. வீட்டுக்கு வீடு டி.வி. பெட்டி இருக்கிறது. அதை வெறுமனே பார்ப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாதா? காகிதத்தில் கிறுக்கினார். செப்டம்பர் 1ம் தேதி அலுவலகம் திரும்பியதும் அதை நான்கு பக்கக் குறிப்பாக எழுதினார். தேதி போட்டு, சாட்சிக்கு ஒரு சக என்ஜினியரிடம் கையெழுத்தும் வாங்கிவைத்தார். தஸ்தாவேஜு விஷயத்தில் அவர் காட்டிய இந்தக் கண்டிப்பு பின்னாளில் பல லட்சம் டாலர் பெறும் என்று அப்போது அவருக்கே தெரிந்திருக்காது.

சுமார் 500 பேரை மேய்க்கும் பதவியில் இருந்ததால் இரண்டொருவரை ஓரமாக இழுத்துப் போட்டு வேலை வாங்குவது சிரமமில்லை. ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் ஹெர்பர்ட் கேம்ப்மன் சம்பளக் கணக்கில் 2,000 டாலரும் சாமான் வாங்க 500 டாலரும் ஒதுக்கினார். டெக்னீஷியன் பில் ஹாரிசன், என்ஜினியர் பில் ரஷ், பேயர். ராணுவ ரகசியங்கள் நிறைந்த கட்டடத்தில் மேலும் ஒரு பூட்டிய அறை யார் கவனத்தையும் ஈர்க்கவில்லை.

திரையில் ஒரு புள்ளியை ஒளிரவைப்பது கஷ்டம் என்றாலும் டி.வி. தெரிந்தவர்களுக்கு எட்டாத காரியமல்ல. சிக்கல் வேறு இடத்தில். அந்தப் புள்ளியை மனிதக் கை எப்படி நகர்த்துவது? பார்வையாளனின் கையில் எதைக் கொடுப்பது? சானல் மாற்றும் குமிழைத் தவிர டி.வி.யில் எதையும் தொட்டுப் பழகாத மக்கள். அதனால்தான் இந்த ஆரம்ப முன்மாதிரிகள் ஒவ்வொன்றும் வீட்டில் ஏற்கனவே பழக்கமான ஏதோ ஒரு பொருளின் சாயலில் இருக்கின்றன.

இரண்டாவது முன்மாதிரிக்குப் 'பம்ப்' என்றே பெயர். அதில் ஒரு கைப்பிடி உண்டு. திரையில் வீடு தீப்பற்றி எரிவதாக பாவனை. அடிகுழாயை அடிப்பதுபோல் கைப்பிடியை வேகவேகமாக அடித்தால் சிவப்பாக இருந்த திரை நீலமாக மாறும், வீடு பிழைக்கும். கை ஓய்ந்தால் வீடு போச்சு. சிரிப்பு வரலாம். ஆனால் உடம்பின் களைப்பு ஒரு டி.வி. பெட்டியின் படத்தை மாற்றுவது என்பது அதுவரை யாரும் தங்கள் வரவேற்பறையில் காணாத சங்கதி.

அடுத்தது துப்பாக்கி. பிளாஸ்டிக் பொம்மைத் துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்து, உள்ளே ஒளியை உணரும் சிறு பாகத்தை வைத்தார்கள். திரையில் ஒளிரும் புள்ளிக்கு நேராகக் குறிவைத்து விசையை அழுத்தினால் புள்ளி மறையும். அதாவது துப்பாக்கி சுடுவதில்லை, பார்க்கிறது. திரையிலிருந்து வரும் வெளிச்சம்தான் துப்பாக்கிக்குள் பாய்கிறது. கேம்ப்மனுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. இடுப்பிலிருந்தே சுடுவாராம். திட்டத்துக்கு மேற்கொண்டு பணம் கிடைக்க இந்தத் துப்பாக்கிக்குப் பெரிய பங்கு உண்டு. (பிற்பாடு கடைக்கு வந்த துப்பாக்கியை மேஜை விளக்குக்கு நேராகப் பிடித்தாலும் குறி தப்பாது என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.)

எனக்கு மிகவும் பிடித்தது கோல்ஃப். ஒரு ஜாய்ஸ்டிக்கின் தலையில் நிஜ கோல்ஃப் பந்தைப் பொருத்தித் தரையில் வைப்பார்கள். நிஜ கோல்ஃப் மட்டையால் அதைத் தட்டினால் திரையில் உள்ள புள்ளி குழியை நோக்கி ஓடும். கையின் அசைவையே விளையாட்டாக்குவதாக 2006ல் நின்டெண்டோவின் 'வீ' பெரும் ஆர்ப்பாட்டத்தோடு வந்தபோது, இதைத் தெரிந்தவர்கள் புன்னகைத்திருப்பார்கள்.

திருப்புமுனை 1967ன் பிற்பகுதியில் ரஷ் சொன்ன யோசனை. அதுவரை திரையில் இரண்டு புள்ளிகள், இரண்டையும் ஆட்கள் நகர்த்துவார்கள், ஒன்றை ஒன்று துரத்தும். மூன்றாவதாக ஒரு புள்ளியை இயந்திரமே நகர்த்தட்டும், ஆட்களின் புள்ளி பட்டதும் அது திசை மாறட்டும் என்றார் ரஷ். அந்த நொடியில் புள்ளி பந்தானது. ஆளின் புள்ளி மட்டையானது. நவம்பரில் பிங்பாங் ஆடினார்கள்.

இதற்காகச் செய்த கையடக்கப் பெட்டிகளில் திருகுக் குமிழ்கள் இருந்தன. ஒன்று மட்டையை மேலும் கீழும் நகர்த்தும், ஒன்று பக்கவாட்டில். மூன்றாவது குமிழ் குறும்பானது. பந்து போய்க்கொண்டிருக்கும்போதே அதன் பாதையை வளைக்கும். டேபிள் டென்னிஸில் பந்தைச் சுழற்றிவிடும் தந்திரம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

1968ல் எல்லாம் சேர்ந்து உருவான ஏழாவது, கடைசி முன்மாதிரிக்கு மரம் போலத் தோன்றும் பழுப்பு பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்கள். பெயர் 'பிரௌன் பாக்ஸ்'. முன்புறம் வரிசையாக சுவிட்சுகள். எந்த விளையாட்டுக்கு எந்த சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதற்குத் தனித்தனி அட்டைகள். கம்ப்யூட்டர் எதுவும் உள்ளே இல்லை. டிரான்சிஸ்டர்களும் டையோடுகளும்தான்.

முதலாவது என்ற பட்டம் சர்ச்சைக்குரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1958 அக்டோபரில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற விஞ்ஞானி, பார்வையாளர் தினத்தில் வருபவர்களுக்கு அலுப்புத் தட்டாமலிருக்க, ஆசிலோஸ்கோப்பின் சிறிய திரையில் டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். ஆடுபவர் கையில் ஒரு பெட்டி. அதில் ஒரு குமிழ், ஒரு பட்டன். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்துவிட்டு வாழ்நாள் முழுவதும் அணு ஆயுதப் பரவலை எதிர்த்த மனிதர் அவர். இந்த விளையாட்டுக்காக அல்ல, அந்தப் பணிக்காகவே தன்னை நினைவில் கொள்ள வேண்டும் என்று விரும்பினார். நடந்தது வேறு.

பாஸ்டனுக்குப் பக்கத்திலேயே எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் 1962ல் மாணவர்கள் 1,20,000 டாலர் மதிப்புள்ள கம்ப்யூட்டரில் 'ஸ்பேஸ்வார்' ஆடினார்கள். இயந்திரத்தின் முகப்பு சுவிட்சுகளை வைத்து ஆடியதில் முழங்கை வலித்தது. தவிர, ஒரு பக்கம் உட்கார்ந்தவருக்கு திரை நன்றாகத் தெரிந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை. ஆலன் கோடோக், பாப் சாண்டர்ஸ் (நாஷுவா கம்பெனிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) இருவரும் ரயில் பொம்மைக் கிளப்பில் கிடந்த மரத்துண்டுகளையும் சுவிட்சுகளையும் வைத்துக் கைப்பெட்டிகள் செய்தார்கள். அந்தக் கிளப் இருந்த 20ம் எண் கட்டடம் 1998ல் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே கோணல்மாணலாக நிற்கும் நவீனக் கட்டடத்தைப் படம் எடுக்கத்தான் கூட்டம் வருகிறது.

பிரௌன் பாக்ஸை விற்க சாண்டர்ஸ் பட்ட பாடு தனிக்கதை. கேபிள் டி.வி. கம்பெனியோடு பேச்சு முறிந்தது. ஆர்.சி.ஏ.வோடும் முறிந்தது. அதற்குள் ராணுவ ஆர்டர்கள் குறைந்து ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். ஆலை மூடிய கசப்பை மறக்காத ஊருக்கு இது இரண்டாவது அடி. கடைசியில் மேக்னவாக்ஸ் உரிமம் வாங்கி 1972ல் 'ஒடிஸி' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. சிக்கனம் கருதி வண்ணம் போயிற்று, பம்ப் போயிற்று, கோல்ஃப் பந்தும் போயிற்று. பதிலுக்குத் திரைமேல் ஒட்டும் வண்ணத் தாள்கள், தாயக்கட்டை, விளையாட்டுப் பணம் எல்லாம் சேர்ந்தன. பேயர் 20 டாலருக்கு விற்க வேண்டும் என்று கனவு கண்ட சாமான் 100 டாலரானது. மேக்னவாக்ஸ் டி.வி. இருந்தால்தான் இது ஓடும் என்று பலர் நினைத்துக்கொண்டது இன்னொரு கஷ்டம். இருந்தும் 1975க்குள் சுமார் மூன்றரை லட்சம் விற்றது.

அதே 1972 மே 24ம் தேதி கலிபோர்னியாவில் ஒடிஸியின் அறிமுக நிகழ்ச்சி. வந்தவர்களின் பதிவேட்டில் நோலன் புஷ்னெல் கையெழுத்திட்டிருந்தார். அடுத்த மாதம் அவர் தொடங்கிய கம்பெனி அட்டாரி. அந்த ஆண்டு முடிவதற்குள் வந்தது 'பாங்'. ஒரு பந்து, இரண்டு மட்டை, இரண்டு குமிழ். புகழும் பணமும் அந்தப் பக்கம் கொட்டின. மேக்னவாக்ஸ் வழக்குப் போட்டபோது பேயரின் தேதி போட்ட தாள்களும் அந்தப் பதிவேடும் சாட்சி சொல்ல, 1976ல் அட்டாரி சமரசத்துக்கு வந்து உரிமத் தொகை கொடுத்தது. பின்னர் நின்டெண்டோ ஹிகின்பாதத்தின் டென்னிஸை முன்னிறுத்தி இந்தக் காப்புரிமைகளை உடைக்கப் பார்த்தது. ஆசிலோஸ்கோப் டி.வி. அல்ல என்று கோர்ட் நிராகரித்தது. இருபது ஆண்டு வழக்குகளில் கிடைத்தது 10 கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள். பேயரின் காப்புரிமையோடு, பந்து மட்டையில் பட்டுத் திரும்பும் ரஷ்ஷின் காப்புரிமையும் இந்த வழக்குகளில் முக்கிய ஆயுதம். ரஷ் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

நாஷுவாவிலிருந்து 30 கி.மீ. வடக்கே மெரிமாக் கரையில் மான்செஸ்டர். இங்கிலாந்து ஊரின் பெயரை ஆசையாக வைத்துக்கொண்ட ஊர். பெயரைக் காப்பாற்றவும் செய்தது. ஆமஸ்கேக் ஆலை ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பருத்தி ஆலை; உச்சத்தில் 17,000 தொழிலாளர்கள். 1935ல் மூடப்பட்டது. ஒன்றரை கி.மீ. நீளத்துக்குச் செங்கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. உள்ளே அலுவலகங்கள், உணவு விடுதிகள், கல்லூரி வகுப்புகள். ஓர் அறிவியல் மையத்தில் இந்த ஆலைப் பகுதி முழுவதையும் சுமார் 30 லட்சம் லெகோ கட்டைகளால் கட்டி வைத்திருக்கிறார்கள். தவறவிடக் கூடாது.

பேயர் வாழ்ந்தது இந்த ஊரில். ஆலைகளுக்கு நடுவே, ஆற்றை ஒட்டிய ஆர்ம்ஸ் பார்க்கில் 2019 மே மாதம் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பீடத்தின் மேல் அல்ல, பெஞ்சில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்காரலாம். ஹாரிசனும் ரஷ்ஷும் அருகில் இருந்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். 'பிரௌன் பாக்ஸ்' மூவரின் வேலை என்பதைப் பேயர் தன் நினைவுக் குறிப்புகளில் மறைக்கவில்லை. ஊர் ஒருவரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

அசல் பெட்டிகளைப் பார்க்க வாஷிங்டன் போக வேண்டும். 2006ல் பேயர் அவற்றை அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். பிரௌன் பாக்ஸ், துப்பாக்கி, பம்ப், கோல்ஃப் பந்து, எல்லாம் அதன் சேகரிப்பில் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. மற்ற அருங்காட்சியகங்களுக்காக எண்பது வயதிலும் தன் கையாலேயே நகல்கள் செய்து கொடுத்தவர் அவர்.

அதே அருங்காட்சியகத்தில், மான்செஸ்டர் வீட்டின் நிலவறையில் அவர் வைத்திருந்த பட்டறையும் மேஜை, கருவிகள், உதிரிபாகங்களோடு அப்படியே கொண்டுவந்து அமைக்கப்பட்டிருக்கிறது. மக்கள் பார்வைக்குத் திறந்தது 2015 ஜூலை 1ம் தேதி. பேயர் அதற்கு ஏழு மாதம் முன்பு, 2014 டிசம்பரில், 92 வயதில் காலமாகிவிட்டார்.