முதல்ல வந்தவருக்கும் அதே டப்பா

புதுக்கோட்டைன்னா எனக்கு சைக்கிள்தான். 1990களோட தொடக்கத்துல, ஷீலாராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, அறிவொளி இயக்கத்துல எழுத்தோட சேர்த்து பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக்குடுத்த மாவட்டம். சாய்நாத் அதைப் பத்தி எழுதி ஊர் உலகமே படிச்சது. எங்க குடுமியான்மலைக்கு இசைக் கல்வெட்டுதான் பேர் வாங்கித் தந்ததுன்னாலும், என் பெருமை என்னமோ சைக்கிள்தான் மக்களே.

அந்தப் பெருமையில சேராத ஒரு சைக்கிள் உண்டு. கையால சுத்துற மூணு சக்கர வண்டி. அதைப் பார்த்தா நமக்கு 'பாவம்'னு ஒரு வார்த்தை தானா வந்துடும்.

போன வாரம் கூகிளாண்டவர்கிட்ட வேற எதையோ தேடப்போய், அலெக்ஸ் ஸனார்டி கிடைச்சார். ஃபார்முலா ஒன் கார் ஓட்டுனவர். 2001ல ஜெர்மனியில நடந்த பந்தய விபத்துல ரெண்டு காலும் போச்சு. அப்புறம் கையால சுத்துற சைக்கிளுக்கு வந்து, 2012 லண்டன் பாராலிம்பிக்ல தங்கம். 2016 ரியோவுல, 49 வயசுல, 20 கி.மீ. தூரத்தை 29 நிமிஷத்துக்குள்ள முடிச்சு மறுபடியும் தங்கம்! எங்க ஊர்லேர்ந்து புதுக்கோட்டையும் சுமாரா அதே 20 கி.மீ. தான். நம்ம பஸ் எவ்ளோ நேரம் எடுக்கும்னு கேக்காதீங்க...

இதை எங்க தெரு அண்ணன்கிட்ட சொன்னேன். சின்ன வயசுல இளம்பிள்ளைவாதம் வந்தவர், கை ரெண்டும் உலக்கை மாதிரி இருக்கும்.

"அங்க ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆள் வாரியா சொல்வாங்களா தம்பி?"

"ஆமாண்ணே, மெடலே குடுப்பாங்க."

"நானும் ஒருக்கா ஓட்டியிருக்கேன். நூறு மீட்டர். நாந்தான் முதல்ல வந்தேன். எல்லாருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா குடுத்தாய்ங்க. கடைசியா வந்தவனுக்கும் அதே டப்பா. அப்புறம் எதுக்குடா ஓட்டச் சொன்னாய்ங்க?"

பதில் சொல்ல வரலை எனக்கு. அந்த டப்பா வீட்டுல இன்னும் இருக்காம், உளுந்து போட்டு வச்சிருக்காங்க.

அவர் கேட்ட கேள்விக்காகத்தான் அந்த விளையாட்டுல இத்தனை விதிமுறை போல. கையால ஓட்டுறவங்களுக்கு எச்1லேர்ந்து எச்5 வரை, சாதா சைக்கிளுக்கு சி1லேர்ந்து சி5 வரை, மூணு சக்கரத்துக்கு டி1, டி2. கண் தெரியாதவங்களுக்கு இரட்டை சைக்கிள், முன்னால பார்வை உள்ளவர் ஓட்டுவார். நம்பர் குறையக் குறைய உடல் பாதிப்பு அதிகம். ரெண்டு மூணு பிரிவைச் சேர்த்து நடத்துற டைம் ட்ரயல்ல, அவங்கவங்க பிரிவுக்குன்னு உள்ள விகிதத்தால நேரத்தைப் பெருக்கித்தான் ரிசல்ட்டே சொல்றாங்க. முதல்ல வந்தவர் நிஜமாவே முதல்ல வந்தவர்தான்னு சொல்லத்தான் இவ்ளோ கணக்கு!

நம்ம நாட்டுல ஆதித்யா மேத்தா 2013 ஆசியப் போட்டியில ரெண்டு வெள்ளி வாங்கினார். ஹைதராபாத்ல அவர் தொடங்கின அமைப்புல பயிற்சி எடுத்த ஆந்திராவோட அர்ஷத் ஷேக்கும், மகாராஷ்டிராவோட ஜோதி கடேரியாவும் 2024ல பாரிஸ் போனாங்க. பாராலிம்பிக் சைக்கிள்ல இந்தியாவுக்கு அதான் முதல் தடவை. ரெண்டு பேருமே ஒரு காலை இழந்தவங்க. மெடல் இல்லை. ஆனா அவங்க எத்தனையாவதுன்னு உலகத்துக்கே தெரியும்.

அந்தப் பந்தய வண்டிக்கு இங்க எங்க போறது? பரவால்ல, இருக்கிற வண்டியே போதும். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எங்க ஊர் ரோட்டை ஒரு மணி நேரம் மறிச்சுக் குடுக்கட்டும். ஸ்டாப்வாட்ச் நான் கொண்டு வர்றேன். டப்பா மட்டும் வேணாம்.