டிரைவர் ஓய்வில் இருக்கிறார்

ஏப்ரல் 15, 2010. வியாழன். லூசெர்ன்

செலவு எழுதக் கொண்டுவந்த நோட்டு இது. லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன் என்று பக்கத்துக்கு ஓர் ஊர். எல்லாம் பற்று, வரவு இல்லை. கழிப்பறைக்கு 50 சென்ட், நம் காசில் 30 ரூபாய். அதையும் விடவில்லை. நேற்று சித்திரை 1. அரசாங்கம் புத்தாண்டைத் தைக்கு மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது, இருந்தாலும் மாங்காய்ப் பச்சடி இல்லாமல் நாள் விடிந்த மாதிரியே இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் டூர் மேனேஜர் ஒரு சேதி சொன்னார். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, இங்கிலாந்தில் விமானமெல்லாம் நின்றுவிட்டதாம். "நாம லண்டனப் பாத்து முடிச்சாச்சுல்ல" என்றார் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர். எல்லோருக்கும் நிம்மதி.

ஏப்ரல் 16

டிட்லிஸ் மலை. சுழலும் ரோப் கார். கையுறை விலையைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் கையைப் பேன்ட் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைப் பார்த்தார்.

ஏப்ரல் 17. சனி

சூரிச் விமான நிலையம் நள்ளிரவிலிருந்து மூடல். பெட்டிகளோடு போய், பெட்டிகளோடு திரும்பினோம். ஊருக்கு வெளியே வேறொரு ஓட்டல்.

வானம் கழுவிவிட்ட எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கிறது. "எங்கயா சாம்பல்?" என்று ஆளாளுக்கு மேலே பார்க்கிறார்கள். சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் இல்லை, கல்லும் கண்ணாடியும் தூளானது, இன்ஜின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும் என்று மேனேஜர் விளக்கினார். 1982இல் ஜாவா தீவுக்கு மேலே பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றுக்கு நான்கு இன்ஜினும் அணைந்துபோய், இறக்கையை மட்டும் நம்பி மிதந்து, கீழே வந்தபின் இன்ஜின்கள் மறுபடி பிடித்து ஜகார்த்தாவில் இறங்கியதாம். ரிக்காரருக்கு மட்டும் உடனே விளங்கியது. பாறைத் தூள் மெஷினுக்குள் போனால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராசிபுரத்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்குச் சர்க்கரை மாத்திரை நான்கு நாளைக்குத்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சொன்னார்.

ஏப்ரல் 18. ஞாயிறு

காலையில் சேதி: ரோம் விமான நிலையம் திறந்திருக்கிறது, உடனே போனால் இடம் கிடைக்கலாம். எட்டு மணிக்கெல்லாம் எல்லோரும் பெட்டியோடு கீழே வந்துவிட்டோம். பஸ் வாசலில் நிற்கிறது. கதவு பூட்டியிருக்கிறது.

"டிரைவர் ஓய்வில் இருக்கிறார்" என்றார் மேனேஜர்.

திங்கட்கிழமை பாரிஸில் எங்களை ஏற்றிய போலந்துக்காரர். ஆறு நாள் ஓட்டினால் வார ஓய்வு எடுத்தே ஆக வேண்டும், குறைந்தது 24 மணி நேரம். இது ஐரோப்பியச் சட்டம். அவருடைய அட்டையைப் போட்டால்தான் வண்டிக்குள் இருக்கும் கருவி கணக்கு எழுதும். போலீஸ் எங்கே நிறுத்தினாலும் அதைத்தான் முதலில் பார்க்கும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தணும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து.

கூட்டத்தில் அதிகம் சத்தம் போட்டது என் வீட்டுக்காரர், இவர்தான். "ஆபத்துன்னு வந்தா எவனாச்சும் மணி பாப்பானா? எங்க லாரி டிரைவரெல்லாம் ரெண்டு ராத்திரி சேர்ந்தாப்புல ஓட்டுவான்!" பெருமையாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற சேலத்துக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன், நினைவில்லை.

மத்தியானம் லாபி டிவியில் ஒரு சாவு ஊர்வலம். போலந்து ஜனாதிபதி லெக் கச்சின்ஸ்கியும் அவர் மனைவியும் போன வாரம் சனிக்கிழமை ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்க் பக்கம் விமானம் விழுந்து இறந்தார்கள். அதில் 96 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இன்று கிராக்கோவில் அடக்கம். ஒபாமா வரவில்லை, சார்கோசி வரவில்லை, மெர்க்கெல் வரவில்லை. சாம்பல். டிவிக்கு முன்னால் எங்கள் டிரைவர், இஸ்திரி போட்ட சட்டையில். எங்கள் கூட்டத்துப் பையன் ஒருத்தன் ஏர்போர்ட் சேதி பார்க்க ரிமோட்டை எடுத்தான். மோகனூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணை அக்கா பிடுங்கி வைத்துவிட்டார்.

டிரைவரிடம் இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன் என்று போன இவர் அரைமணி கழித்தும் வரவில்லை. போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் பஸ்ஸுக்குள். பாஷை ஏது? விரலும் கி.மீ.யும்தான். அந்தக் கருவியிலிருந்து ஒரு சீட்டு அச்சாகி வந்தது: ஓடிய நேரம், நின்ற நேரம், தூங்கிய நேரம். இவர் அதை டீசல் பில்லைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "இது நம்மூருக்கு வந்தா ஒரு வண்டி ஓசூரத் தாண்டாது" என்றார் என்னிடம், தமிழில்.

சாயங்காலம் ஊருக்குப் போன். கொழுந்தனார் எடுத்தார். நாக்பூருக்கு ஜவ்வரிசி ஏற்றிப் போன எங்கள் லாரி எங்கே?

"ஐதராபாத் தாண்டிட்டானுங்க அண்ணி. ராத்திரி அடிச்சான்னா வெடியால அங்க நிப்பான்."

ஐதராபாத்திலிருந்து நாக்பூர் சுமார் 500 கி.மீ. சேலத்திலிருந்தே 1,200க்கு மேல். நடைக் கணக்கு எழுதுகிறவள் நான். எந்த நடைக்கு எத்தனை நாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எத்தனை மணி நேரம் என்று ஒரு கட்டம் என் நோட்டில் இல்லை. 1961இலேயே நம் நாட்டிலும் மோட்டார் தொழிலாளர் சட்டம் வந்தாயிற்று: நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அரைமணி இடைவேளை. ஆடிட்டர் ஒருமுறை படித்துக் காட்டிச் சிரித்தார்.

ஏப்ரல் 19

விடிவதற்குள் கிளம்பினோம். கோத்தார்ட் சுரங்கம், 17 கி.மீ. வாசலுக்கு முன்னால் லாரிகளை வரிசையில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுகிறார்கள். 2001இல் உள்ளே இரண்டு லாரி மோதித் தீப்பிடித்து 11 பேர் செத்தபிறகு வந்த ஏற்பாடாம். சுரங்கம் முடியும் வரை பஸ்ஸில் லாரிக்காரர்கள் ஒருவரும் பேசவில்லை. மற்றவர்கள் அந்தாட்சரி.

இத்தாலியில் ஒரு பங்க்கில் 45 நிமிஷம். சீக்கிரமே ஏறி உட்கார்ந்து "போலாமுங்களா?" என்று மேனேஜரைக் கேட்டவர்களிடம் இவர் சொன்னார்: "இன்னும் ஏழு நிமிஷம் இருக்குதுங்க."

ராத்திரி பொலோன்யாவுக்கு வெளியே. ரோம் இன்னும் நாலைந்து மணி நேரம்; ஆனால் இன்றைய கணக்கு முடிந்தது.

ஏப்ரல் 20

காலை எட்டு மணிக்கு சூரிச் திறந்துவிட்டது! பஸ்ஸில் ரகளை. பேசாமல் அங்கேயே இருந்திருக்கலாம் என்று பாதிப் பேர். ஞாயிற்றுக்கிழமையே கிளம்பியிருந்தால் இந்நேரம் ஊரில் பழைய சோறு சாப்பிட்டிருக்கலாம் என்று மீதிப் பேர். இரண்டு கட்சிக்கும் குற்றவாளி ஒருத்தர்தான், அவர் தமிழ் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். மெர்க்கெலே ரோமிலிருந்து ரோட்டு வழியாகத்தான் ஜெர்மனி போய்ச் சேர்ந்தார் என்று ஹெட்மாஸ்டர் சமாதானம் சொன்னார், எடுபடவில்லை.

எனக்கும் எரிச்சல்தான். கொண்டுவந்த பருப்புப் பொடி காலி. ரொட்டியைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

ஏப்ரல் 21

கொலோசியம், பஸ் ஜன்னல் வழியாக. ஹெட்மாஸ்டருக்கு மாத்திரை கிடைத்தது: கோழிப்பண்ணை அக்காவுக்கும் அதே மாத்திரையாம், கேட்கத்தான் ஆள் இல்லை.

ஏப்ரல் 22

இரண்டு கூட்டமாகப் பிரித்து அனுப்புகிறார்கள். நாங்கள் இரண்டாவது. டிரைவருக்கு எல்லோரும் சேர்ந்து கொடுத்த டிப்ஸ் சொல்கிற மாதிரி இல்லை. இவர் தனியாகக் கொடுத்தார், எவ்வளவு என்று எனக்குச் சொல்லவில்லை. நோட்டில் அந்த வரி எழுதவில்லை.

மே 9. நாமக்கல்

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஈபிள் கோபுரப் படம் காட்டிக் காட்டிக் கை வலிக்கிறது. எல்லோரும் எரிமலையைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் பார்க்கவே இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நேற்றிலிருந்து புது நேஷனல் பெர்மிட். வருஷம் 15,000 கட்டினால் நாடு முழுக்க ஓட்டலாம். அந்தப் பேப்பர்களை எடுத்து வைத்தபோது பேச்சு வந்தது. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. ஊரில் பல வண்டிகளில் அந்த இரண்டாவது ஆள் காகிதத்தில்தான் பயணம் செய்கிறார். சீட்டில் உட்கார்ந்திருப்பது கிளீனர்.

"நெசமாலுமே ரெண்டாவது டிரைவரப் போட்டா என்ன?" என்றார் இவர்.

"இருக்கற வாடகையில கட்டுமாண்ணா? டீசல் விக்கிற வெலையப் பாத்தியா? யூரோப்புக்குப் போய்ட்டு வந்தா இப்படித்தான்" என்றார் கொழுந்தனார்.

நாக்பூர் போய்வந்த டிரைவர் திண்ணையில்தான் இருந்தார். அவரையே கூப்பிட்டுக் கேட்டார் இவர். கண் இன்னும் சிவப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வேண்டாமுங்க மொதலாளி. இன்னொருத்தன் வந்தா படி பாதியாயிருமுங்களே. பொண்ணு காலேஜுக்குப் போகுது."

படியைக் குறைக்காமல் ஆளைப் போட்டால் எவ்வளவு ஆகும் என்று என்னைக் கணக்குப் போடச் சொன்னார் இவர். போட்டேன். ஒரு நடைக்கு மிஞ்சுவதில் முக்கால்வாசி போய்விடுகிறது. கொழுந்தனார் அந்தத் தாளை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை இந்தூருக்கு லோடு. அதற்குள் ஏதாவது சொல்ல வேண்டும்.